துறைமுகமும் உள்நிலமும்: தூத்துக்குடி பற்றிய எழுத்துகளில் சோழவந்தான் வழித்தடம்

ஆய்வுச் சுருக்கம்

தூத்துக்குடி பற்றிய மூன்று முதன்மையான நூல்களின் கால எல்லைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. அந்நகரை இன்றைய துறைமுகமாக ஆக்கிய இருப்புப்பாதைக் காலம் அவற்றுக்கு இடையே பெரும்பாலும் விடுபட்டிருப்பதையும் அதன் விளைவையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தூத்துக்குடி, சோழவந்தான், கால்டுவெல், கொற்கை, இருப்புப்பாதை, புலம்பெயர்வு

முன்னுரை

துறைமுக நகரின் வரலாறு முத்துக்குளித்தல், போர்த்துக்கீசியர் வருகை, 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றியமை, ஆங்கிலேயர் ஆட்சி என்னும் வரிசையில் எழுதப்படுவது வழக்கம். இவ்வரிசையில் மாற்றங்கள் யாவும் கடல்வழியே வருகின்றன. துறைமுகத்திற்குச் சரக்கையும் மனிதரையும் அனுப்பிய உள்நிலம் இதில் இடம்பெறுவதில்லை.

மூன்று நூல்களும் கால எல்லையும்

கால்டுவெல்லின் திருநெல்வேலி மாவட்ட வரலாறு 1881இல் வெளிவந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1876இல், இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டிவிட்டது. எனினும் நூலின் எல்லை 1801. தம் கண்முன் நிகழ்ந்த பெருமாற்றம் ஆசிரியரின் திட்டத்திற்கு வெளியே நின்றது.

ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ (2009) 1914இல் தொடங்கி 2000 வரை செல்கிறது. பரதவர் வாழ்வையும் தோணித் தொழிலையும் அவர்தம் மொழியிலேயே பதிவு செய்தமை அந்நாவலின் அரிய பேறு. ஆயினும் அதன் தொடக்க ஆண்டு கருதத்தக்கது. 1914இல்தான் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வந்து கப்பலேறிய கொழும்புப் பயணிகளின் பாதை தனுஷ்கோடிக்கு மாறியது. தூத்துக்குடியை இலங்கையின் வாயிலாக ஆக்கிய காலம் முடியும் இடத்தில் நாவல் தொடங்குகிறது.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ இவ்விடைவெளியின் ஒரு பகுதியை நிரப்புகிறது. 1906இல் தோன்றிய சுதேசிக் கப்பல் நிறுவனமும் 1908ஆம் ஆண்டின் கோரல் ஆலை வேலைநிறுத்தமும் அவ்வெழுச்சியின் பின்னணி. ஓர் எழுச்சியை ஆராயும் நூலிடம் நாற்பதாண்டு வழித்தடத்தின் வரலாற்றை எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் அவ்வரலாற்றை வேறொருவர் எழுத வேண்டிய தேவையை அந்நூலே உணர்த்துகிறது.

சோழவந்தான் ஏன்?

வைகைக் கரையில் நெல்லும் வெற்றிலையும் விளையும் சோழவந்தான், திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட நிலையம். வட பகுதிகளிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற தொடர்வண்டிகள் இவ்வூரைக் கடந்தே சென்றன. மதுரைக்குத் தெற்கே அதே பாதை கரிசல் நிலத்தின் பருத்தியைத் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்த்தது. மதுரை, திருச்சிப் பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளர் பலருக்கும் தூத்துக்குடியே கப்பலேறும் துறை. அதற்கு அருகிலிருந்த தட்டப்பாறை முகாம் இப்பெயர்வின் சான்று.

இம்மக்கள் துறைமுகத்தில் தங்கியவர் அல்லர், கடந்து சென்றவர். நகர வரலாறு நகரில் வாழ்ந்தோரையே கணக்கில் கொள்வதால் அவர்கள் அதில் இல்லை. சொந்த ஊரின் வரலாறு ஊரில் எஞ்சியோரைப் பேசுவதால் அதிலும் இல்லை. முன்னோரின் ஊரைத் தேடும் இன்றைய மலையகத் தமிழருக்கு இவ்விடுபடல் வெறும் ஏட்டுச் சிக்கலன்று.

முடிவுரை

மேற்கண்ட நூல்களின் மதிப்பு இதனால் குறைவதில்லை. எனினும் 1876 முதல் 1914 வரையிலான தூத்துக்குடியை எழுத முனைவோர் கடற்கரையிலிருந்து தொடங்குதல் போதாது. நிலையங்களின் சரக்குக் கணக்குகள், முகாம் பதிவேடுகள், வைகைச் சமவெளிக் குடும்பங்களின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்க வேண்டும். துறைமுகத்தின் எல்லை கப்பல் நின்ற இடத்தோடு முடிவதில்லை. பயணி வண்டியேறிய சிற்றூர் வரை அது நீள்கிறது.