செய்தித்தாளின் ‘பலி’: தரவக மொழியியல் குறித்து ஒரு மதிப்பீடு

திருமறையைப் பயில்வோருக்குச் சொல்லடைவு புதியதன்று. 1737ஆம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் குரூடன் ஆங்கில வேதாகமத்திற்கு ஒன்றை வெளியிட்டார். ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் ஒருங்கே நிறுத்திப் பார்க்கும் அம்முறையைக் கணிப்பொறியின் துணையால் அன்றாட மொழிக்கும் விரிப்பதே தரவக மொழியியல். 1960களில் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் பத்து இலட்சம் சொற்கொண்ட தரவகம் உருவாயிற்று. செய்தித்தாள் பகுதிகளும் அதில் இடம்பெற்றன. 1990களில் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தமிழுக்கும் தரவகம் அமைத்தது.

இம்முறையின் பயனை ஒரு சொல்லைக்கொண்டு விளக்கலாம். நெல்லிக்குப்பத்திலோ கடலூரிலோ காலையில் நாளிதழை விரிப்போர் ‘பலி’ என்னும் சொல்லைக் காணாத நாள் அரிது. பேருந்து மோதிப் பலி. மின்சாரம் தாக்கிப் பலி. விஷவாயு தாக்கிப் பலி. தனித்தனியே வாசிக்கையில் இவை நம்மை உறுத்துவதில்லை. இத்தகைய தலைப்புகளை வரிசையாக அடுக்கினாலோ, அச்சொல்லின் கூட்டாளிகள் வெளிப்படுகின்றனர்: வாகனம், மின்சாரம், வாயு. தொழிலாளியைக் குழிக்குள் இறக்கியவர் அவ்வரிசையில் இல்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தலைப்பிலோ கொன்றது வாயு மட்டுமே.

எனினும் இம்முறைக்கு எல்லைகள் உண்டு. கணிப்பொறி எழுத்தைக் காணுமேயன்றிப் பொருளைக் காணாது. ‘கனவு பலித்தது’, ‘பலிபீடம்’, ‘பலியானார்’ ஆகியவற்றைப் பிரித்தறிய ஆய்வாளரே வேண்டும். அச்சேறாத சாவுகளை எந்தத் தரவகமும் எண்ணாது. மேலும், ஒரு சொல் மிகுந்து வருவதுகொண்டு எழுதியவரின் உள்நோக்கத்தைத் தீர்ப்பிடலாகாது. தலைப்பின் குறுகிய இடத்தில் ஈரெழுத்துச் சொல் எளிதில் அடங்கும் என்பதும் ஒரு காரணமாகலாம். பொருள் தனிச்சொல்லில் அன்று, வாக்கியத்திலேயே தங்குகிறது என ஜேம்ஸ் பார் 1961இல் இறையியலாருக்கு விடுத்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும். எண்ணிக்கை விளக்கவுரைக்குப் பணியாளாக இருக்கலாம். அதன் இடத்தைப் பிடிக்கலாகாது.

இவ்வெல்லைக்குள் நின்றே ஒரு வினாவை எழுப்புகிறோம். திருமறையில் பலிக்குச் செலுத்துபவர் உண்டு, பீடம் உண்டு. எபிரெயர் நிருபம் காட்டும் கிறிஸ்து தம்மைத் தாமே ஒப்புக்கொடுத்தார். கழிவுநீர்த் தொட்டியில் மாண்டவர் தம்மை ஒப்புக்கொடுக்கவில்லை. அவர் மெய்யாகவே பலியெனில், அவரைச் செலுத்தியவர் யார்? எந்தப் பீடத்தில்? மோளேகுக்குப் பிள்ளைகளைக் கொடுத்தவர்களைத் தீர்க்கதரிசிகள் கண்டித்தனர். நெருப்பின்மேல் பழிபோட்டு அமையவில்லை.

ஞாயிறு மன்றாட்டில் செய்தித்தாளின் சொற்களை அப்படியே எடுத்தாளும் ஆயர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. மாணவர்கள் தம் வட்டாரத்து நாளிதழ் ஒன்றின் ஒரு மாதத் தலைப்புகளைக் கையாலேனும் தொகுத்து அடுக்கட்டும். அவ்வாறு அடுக்கிப் பார்த்தவர் பலிபீடத்தைப்பற்றி அருளுரையாற்றும்போது, சொல்லை முன்னிலும் எச்சரிக்கையாய்க் கையாள்வார்.