பழைய செயலிக்கு விடை: டெபியனின் முடிவு சரிதானா?

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9-ஆம் நாள், டெபியன் என்னும் கட்டற்ற இயக்க முறைமையின் 13-ஆம் பதிப்பு வெளிவந்தது. அதனுடன் வந்த வெளியீட்டுக் குறிப்பில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. 32 பிட் முறையில் நிறுவிய கணிப்பொறியை வைத்திருப்பவர்கள் இப்பதிப்புக்கு மாற வேண்டாம். இயன்றால் 64 பிட் முறையை முதலிலிருந்து நிறுவிக் கொள்ளலாம். இயலாவிட்டால் அந்தக் கணிப்பொறிக்கு ஓய்வு கொடுத்து விடலாம் என்பது அதன் சாரம். மீண்டும் நிறுவாமல், உள்ளதை உள்ளபடியே 64 பிட்டுக்கு மாற்றுவதும் இயலும், ஆனால் அதில் ஆபத்து உண்டு என்று இன்னும் ஒரு வரி சொல்கிறது.

சில வரிகளில் முடிந்து விட்ட இந்த அறிவுரை சரியானதுதானா என்பதை இங்கே ஆராய்வோம். டெபியன் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் மென்பொருள் அன்று. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கி வைத்தது அது. உபுண்டு முதலிய பல இயக்க முறைமைகளுக்கு அதுவே அடித்தளம். எல்லாவற்றுக்கும் பொதுவான இயக்க முறைமை என்பது அது தனக்குத் தானே சூட்டிக் கொண்ட பெயர். புதிய கணிப்பொறி வாங்க வசதியில்லாத மாணவரும் பள்ளியும், உள்ளதைக் கொண்டு காலம் தள்ளுவதற்கு நாடுவது இத்தகைய கட்டற்ற மென்பொருளைத்தான். ஆகவே இம்முடிவு யாரைத் தொடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

32 என்றால் என்ன? 64 என்றால் என்ன?

தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் இருப்பது போல, கணிப்பொறியின் நினைவகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டுதான் செயலி அவ்விடத்தைத் தேடிப் போகிறது. கதவு எண்ணுக்கு நான்கு இலக்கங்கள்தாம் என்று விதித்து விட்டால், 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் வீடுகளுக்கு மேல் எண் கொடுக்க முடியாது. அவ்வாறே 32 பிட் எண்ணைக் கொண்டு 4,29,49,67,296 இடங்களைத்தான் சுட்ட முடியும். இதையே 4 ஜிகாபைட் என்கிறோம். 1995-இல் வந்த பென்டியம் புரோ செயலியில், மொத்த நினைவகத்தை 64 ஜிகாபைட் வரை பெருக்க ஓர் உபாயம் செய்தார்கள். ஆனால் ஒரு தனி நிரல் ஒரே சமயத்தில் காணக்கூடியது 4 ஜிகாபைட்டே என்ற வரம்பு அப்படியே நின்றது.

இந்த 32 பிட் மரபு 1985-இல் இன்டெல் வெளியிட்ட 80386 செயலியில் தொடங்கியது. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியதும் அந்தச் செயலிக்காகவே. 2001-இல் இன்டெல் இட்டானியம் என்ற 64 பிட் செயலியைக் கொண்டு வந்தது. ஆனால் அதன் கட்டளை மொழி முற்றிலும் வேறு. பழைய நிரல்கள் அதில் தட்டுத் தடுமாறியே ஓடின. 2003-இல் ஏஎம்டி நிறுவனம் வேறு வழியில் சென்றது. பழைய கட்டளைகளை அப்படியே வைத்துக் கொண்டு, அவற்றின் மேல் 64 பிட்டைக் கூட்டியது. பொதுப் பதிவகங்களும் 8-லிருந்து 16 ஆயின. இதுவே வென்றது, 2004-இல் இன்டெல்லும் இவ்வழிக்கே வந்து சேர்ந்தது. அச்செயலி கடைக்கு வருமுன்பே, போலச் செய்யும் மென்பொருள் ஒன்றின் உதவியால் லினக்ஸை அதற்கு ஆயத்தம் செய்து விட்டார்கள் என்பது கட்டற்ற மென்பொருளாளரின் திறமைக்குச் சான்று. 2007 ஏப்ரலில் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து டெபியனும் இதை முறைப்படி ஏற்றது.

முடிவுக்கு ஆதரவான காரணங்கள்

32 பிட்டைக் கைவிட வேண்டிய தேவை இருந்ததா? இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஒரு செயலி வகையை ஆதரிப்பது என்றால், பல்லாயிரம் மென்பொருள் தொகுப்புகளை அதற்கென மொழிமாற்றிச் சோதித்துப் பிழை நீக்க வேண்டும். இவ்வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே, தான் பிறந்த 80386-க்கான ஆதரவை 2012 டிசம்பரில் நீக்கி விட்டது. அன்று யாரும் பெரிதாக வருந்தவில்லை.

திடீரென்று கைவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் நில்லாது. இப்படி ஒரு முடிவு வரப்போகிறது என்பதை டெபியன் 2023 டிசம்பரிலேயே அறிவித்து விட்டது. 2019 ஜூனில் உபுண்டு நடந்து கொண்ட விதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த பதிப்பில் 32 பிட் தொகுப்புகளே இரா என்று அது அறிவித்தது. விளையாட்டு மென்பொருள்களை வழங்கும் வால்வ் நிறுவனமும், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் குழுவினரும் எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே உபுண்டு பின்வாங்கி, தேர்ந்தெடுத்த தொகுப்புகளை மட்டும் வைத்துக் கொள்வதாகச் சொன்னது. டெபியன் அப்படித் தடுமாறவில்லை.

குறை எங்கே?

முதற் குறை, பழைய கணிப்பொறி என்ற ஒரே பெயரின் கீழ் இரு வேறு இனங்களைச் சேர்த்து விட்டதாகும். உண்மையாகவே 32 பிட் செயலி கொண்டவை ஓர் இனம். 64 பிட் செயலி இருந்தும் 32 பிட் மென்பொருளைச் சுமந்து கொண்டிருப்பவை மற்றோர் இனம். இரண்டாம் இனம் எப்படித் தோன்றியது? அதற்கு உரிமையாளர்கள் மட்டும் பொறுப்பல்லர். நினைவகம் 1 அல்லது 2 ஜிகாபைட்டாக இருந்த நாட்களில் 64 பிட்டால் பெரும் பயன் தெரியவில்லை. வலைப்பக்கங்களில் படம் ஓட்டப் பயன்பட்ட அடோபியின் ஃபிளாஷ், 2011 வரை முறையான 64 பிட் வடிவில் வரவில்லை. உபுண்டுவின் பதிவிறக்கப் பக்கமே சில ஆண்டுகள் 32 பிட்டைப் பரிந்துரைத்தது. அறிந்தவர்கள் காட்டிய வழியில் சென்றவர்களை இன்று, அழித்து விட்டு முதலிலிருந்து தொடங்குங்கள் என்பது முறையாகாது. அந்தப் பரிந்துரை டெபியனுடையது அன்று என்பது உண்மையே. ஆயினும் மாறுவதற்கான வழி டெபியனின் கையில்தான் இருக்கிறது.

அது எப்படி என்று கேட்பீர்கள். 2013 மே மாதம் வந்த 7-ஆம் பதிப்பிலேயே, 32 பிட் நூலகங்களையும் 64 பிட் நூலகங்களையும் ஒரே கணிப்பொறியில் அருகருகே வைக்கும் ஏற்பாட்டை டெபியன் செய்து விட்டது. இதனால் முதலில் கெர்னலை மட்டும் 64 பிட்டாக மாற்றலாம். மற்ற நிரல்கள் 32 பிட்டாகவே ஓடிக் கொண்டிருக்கும். அடுத்து, தொகுப்புகளை நிறுவும் கருவியை மாற்ற வேண்டும். ஆபத்து இங்கேதான். எந்தக் கருவியைக் கொண்டு எல்லாவற்றையும் மாற்றுகிறோமோ, அந்தக் கருவியையே அதைக் கொண்டே மாற்றுவது, நுனிக் கிளையில் அமர்ந்து அடிமரத்தை வெட்டுவது போன்றது. பாதியில் நின்றால் கணிப்பொறி எழாது. இதைத் துணிந்து செய்து முடித்தவர்கள் உண்டு. 2020-இல் கூகுளின் கோடைகால மாணவர் திட்டத்தின் கீழ் இதற்கென ஒரு கருவியும் எழுதப்பட்டது. அந்த முயற்சியை வளர்த்துச் சோதித்து, அஞ்சாமல் நடக்கத்தக்க பாதையாக ஆக்கியிருக்க வேண்டாமா? பாலத்துக்குத் தூண்களை நட்டு விட்டுப் பலகை போடாமல் நிறுத்தியது போல் ஆயிற்று.

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. லினக்ஸும் யூனிக்ஸ் குடும்பத்தின் மற்ற முறைமைகளும், காலத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணிக்கை 2,14,74,83,647 நொடிகள். இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் அது நிரம்பும். அடுத்த நொடியில் கடிகாரம் 1901-ஆம் ஆண்டு டிசம்பருக்குத் தாவும். 13-ஆம் பதிப்பில் டெபியன் மற்ற 32 பிட் செயலி வகைகளுக்கு 64 பிட் காலக் கணக்கைக் கொடுத்தது. இன்டெல் வழிவந்த 32 பிட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஏன்? மூல வரைவு கிடைக்காத பழைய நிரல்கள் ஓடாமல் போகும் என்பதால். அது மட்டுமன்று. எஞ்சியுள்ள 32 பிட் தொகுப்புகள், 64 பிட் கணிப்பொறியின் உள்ளே பழைய நிரல்களை ஓட்டுவதற்கு மட்டுமே என்றும் ஆக்கி விட்டது. பழைய நிரலைக் காப்பாற்றப் பழைய கணிப்பொறியை விட்டுக் கொடுத்தது என்பதே இதன் பொருள்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. ஓபன்பிஎஸ்டி என்ற கட்டற்ற முறைமை 2014 மே மாதத்தில், பழைய நிரல்கள் ஓடாது என்பதைத் தெரிந்தே, எல்லாச் செயலிகளுக்கும் காலக் கணக்கை 64 பிட்டாக்கியது. மூல வரைவு கையில் இருப்பவர்கள் மறுபடி மொழிமாற்றிக் கொண்டார்கள். கட்டற்ற மென்பொருளின் பெருமை மூல வரைவில்தானே இருக்கிறது? அந்தப் பெருமையை நம்பியவர்கள் ஓபன்பிஎஸ்டியினர். மூடிய நிரல்களின் வசதியை நம்பியது டெபியன். விளையாட்டுகளை விரும்புவோர் பலர். பழைய கணிப்பொறியாளர் சிலர். ஆதலால் இத்தேர்வு விளங்கிக் கொள்ளக் கூடியதே. ஆனால் அது ஒரு தேர்வு. தவிர்க்க முடியாத விதி அன்று.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில் உங்கள் கணிப்பொறி எந்த இனம் என்று பாருங்கள். லினக்ஸில் செயலியின் தன்மைகளைக் காட்டும் பட்டியலில் எல்.எம். என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால், அது 64 பிட் செயலி. அப்படியானால் உங்கள் கோப்புகளை வேறு வட்டில் படி எடுத்துக் கொண்டு, 64 பிட்டை நிறுவுவதே இன்றைய நிலையில் பாதுகாப்பானது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் இருந்தால், அதன் கோப்புகளை அப்படியே தூக்கி வைத்துப் பயனில்லை. 64 பிட் நிரல் அவற்றைப் படிக்காது. தரவுகளை உரை வடிவில் வெளியே எடுத்து, மீண்டும் உள்ளே செலுத்த வேண்டும். 64 பிட்டில் நினைவக முகவரி ஒவ்வொன்றும் இரு மடங்கு இடம் கொள்வதால், 1 ஜிகாபைட் மட்டுமே உள்ள கணிப்பொறி முன்னைவிடத் திணறலாம் என்பதையும் அறிந்து இறங்குங்கள்.

செயலி 32 பிட் என்றாலும் அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை. ஓபன்பிஎஸ்டியும், 2024-இல் 10-ஆம் பதிப்பை வெளியிட்ட நெட்பிஎஸ்டியும் அதற்கு இடம் கொடுக்கின்றன. டெபியன் குடும்பத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மோட்டோரோலா 68000 வகைச் செயலிகள் 2007-இல் டெபியனின் முறையான பட்டியலிலிருந்து நீங்கின. ஆனால் ஆர்வலர் சிலர் விடவில்லை. அதிகாரப்பூர்வமற்ற கிளையாக அதை இன்றும் பேணி வருகிறார்கள்.

ஆகவே நம் தீர்ப்பு இது. கைவிடும் முடிவு சரி. அறிவித்த முறையும் சரி. மாறுவோருக்கு வழி செய்து கொடுத்ததில்தான் டெபியன் குறைந்து நிற்கிறது. அந்த வழியைச் செப்பனிடும் வேலை இன்னும் திறந்தே கிடக்கிறது. மூல வரைவும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கணிப்பொறி இயல் பயிலும் மாணவர் எவரேனும் கை வைக்க முன்வந்தால், அது வெறும் பயிற்சியாக முடியாது. ஓய்வு கொடுக்கப்படவிருக்கும் பல கணிப்பொறிகள் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.