வெளுத்தாவை அடித்த இடத்தில் ஒரு ஓட்டல்

அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்' (1997) பற்றிப் பேச்சு வந்தால் நம்ம ஆட்கள் அம்மு–வெளுத்தா காதலோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குள்ளே சுற்றுலா பற்றியும் ஒரு கதை ஓடுகிறது.

அய்மனத்தில் விடிய விடிய ஆட வேண்டிய கதகளி, ஓட்டல் நீச்சல்குளத்தோரம் இருபது நிமிஷத் துண்டாகிறது. கூலி வாங்கின கையோடு கலைஞர்கள் கோயிலுக்குப் போய் சாமியிடம் மன்னிப்புக் கேட்டு முழுசாக ஆடுகிறார்கள். படிக்கிறவனுக்குக் கண் கலங்கும். எனக்குக் கலங்கவில்லை. திருவிதாங்கூரில் 1936 கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை வெளுத்தாவின் சாதிக்காரன் எவனும் அந்த வாசலை மிதித்திருக்க முடியாது. வெளுத்தாவின் தாத்தன் காலத்திலேயே கிறிஸ்தவனாகியும் கிடைத்தது தனிச் சர்ச்சுதான். பின்னால் நகர்ந்துகொண்டே தன் காலடித் தடத்தைத் தானே துடைப்பத்தால் அழித்த சனம் என்று நாவலே சொல்கிறது. அவனுடைய அடையாளத்தை வெள்ளைக்காரன் வந்தா அழிக்கணும்?

ராயும் ஏமாளியல்ல. வேஷம் கலைத்த அதே கதகளிக்காரர்கள் வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியை அடிப்பதையும் எழுதுகிறார். 1969இல் போலீஸ் வெளுத்தாவை அடித்து நொறுக்கிய சரித்திர வீடுதான் பிறகு பாரம்பரிய ஓட்டலாகிறது. இதைவிடக் கூர்மையான இடம் நாவலில் இல்லை. ஆற்றங்கரைக் குடிசைகள் கண்ணில் படாமலிருக்க ஓட்டல்காரன் உயரமாகச் சுவர் எழுப்புகிறான். ஆனால் இதையெல்லாம் பெரும்பாலும் நாம் ராஹேலின் கண் வழியாகவே பார்க்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் கிடப்பவன் என்ன நினைக்கிறான் என்று நாவல் கேட்கவில்லை.

என் சித்தப்பா பையன் பறையடிக்கிறவன். கடற்கரை ஓட்டல் ஒன்றில் பொங்கலுக்கு அடிக்கப் போனான். "சாவு அடி வேணாம், சந்தோஷமா பத்து நிமிஷம்"னு சொன்னார்களாம். கலையைத் துண்டாக்கிட்டானேன்னு நான் ஆரம்பித்தேன். "ஊர்ல ராத்திரி பூரா பொணத்துக்கு முன்னாடி அடிச்சப்ப ஒங்க கலை எங்கண்ணே போச்சு? இங்க எவனும் டேய்னு கூப்பிடல, ஒக்கார நாற்காலி போட்டான்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. கதகளிக்காரனின் துக்கம் இவனுக்குக் கிடையாது.

அவன் கொண்டுவந்த ஓட்டல் தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழரின் தொன்மையான இசைக்கருவி என்று போட்டிருந்தது. அது யார் தோளில் கிடந்தது, ஏன் கிடந்தது, ஒரு எழுத்து இல்லை. மறுபடியும் துடைப்பம். இந்தத் தடவை நமக்காக அவர்களே பெருக்கியிருக்கிறார்கள். அதைச் சொன்னேன்.

"அடுத்த தடவ நானே சொல்றண்ணே. மைக் குடுக்கறானான்னு பாப்போம்."