தொகுப்போர் கடமை: இசைத்தட்டும் மலைநாட்டுப் பாட்டும்

தொகுத்தல் என்பது சிதறியவற்றைச் சேர்த்து வைத்தல் மட்டுமன்று. இன்னவை போற்றத்தக்கன என்று தீர்ப்புக் கூறுதலுமாகும். புறநானூற்றில் பாட்டுடன் பாடியோர், பாடப்பட்டோர் பெயரும் திணையும் துறையும் குறிக்கப்பட்டுள்ளன. அக்குறிப்புகள் இன்றேல் பல பாடல்களின் பொருள் முழுமையாக விளங்காது. இவ்வளவுகோல் கொண்டு இருபதாம் நூற்றாண்டுத் தொகுப்புகள் இரண்டினை ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

முதலாவது, 1972 இல் அமெரிக்காவில் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 'நகெற்ஸ்' என்னும் இரட்டை இசைத்தட்டு. லெனி கே என்பவர் தொகுத்த அதில் 27 பாடல்கள் உள. வீட்டுக் கராஜ்களிற் கூடிப் பழகிய இளைஞர்தம் இசையாதலின், இவ்வகை 'கராஜ் றொக்' எனப் பெயர் பெற்றது. பயிற்சி குறைவு, வேட்கை மிகுதி. சிறு தட்டுகளாய் வந்து மறக்கப்பட்டவை பல. தொகுத்தவர் அவற்றைக் குறிப்புரையுடன் மீட்டளித்தார். 1998 இல் றைனோ நிறுவனம் நான்கு குறுந்தட்டுகளாக விரித்தபோது பாடல்கள் 118 ஆயின.

அவற்றுள் வேக்ரன்ற்ஸ் குழுவினரின் 'றெஸ்பெக்ற்' தனித்து நோக்கற்பாலது. கறுப்பினப் பாடகர் ஓட்டிஸ் றெடிங் 1965 இல் வெளியிட்ட அப்பாடலை நியூயோர்க் பகுதி வெள்ளை இளைஞர் பாடினர். வெள்ளையர் பாடும் இத்தகைய 'சோல்' இசையை 'புளூ ஐட் சோல்' என்பர். அவர்தம் துடிப்பு பொய்யன்று. எனினும், மதிப்பு மறுக்கப்பட்ட இனத்தவர் மதிப்பைக் கேட்கும்போது அச்சொல் பெறும் கனம், இவர்கள் வாயில் அதற்குக் கிட்டவில்லை. 1967 இல் அரீதா பிராங்கிளின் பாடியபோதோ, அது பெண்ணின் உரிமைக் குரலாயிற்று. ஆகவே, பாடியவர் யார், எந்நிலையினர் என்பதும் பாடலின் பொருளிலே பங்கு கொள்கின்றது.

இரண்டாவது, சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' (1983). மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், லயத்து வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழி பல்லாயிரம் குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. பாட்டறிந்த முதியோரும் அவர்களுடன் சென்றனர். அந்நிலையில் இத்தொகுப்பு காலத்தாற் செய்த உதவி.

எனினும் ஏட்டில் நின்றது சொல்லே, குரல் நிற்கவில்லை. கும்மியின் கைத்தாளமும் தப்பின் அடியும் ஒப்பாரியில் மூச்சு முறியும் இடமும் அச்செழுத்துக்கு அடங்கா. அது தொகுத்தவர் குறையன்று, ஏட்டின் எல்லை. அமெரிக்க இளைஞரின் பிழைபட்ட சுருதியும் தட்டில் நிலைத்துவிட்டது. கொழுந்து கொய்த பெண்களின் செம்மையான தெம்மாங்கோ பெரும்பாலும் காற்றோடு போயிற்று.

அட்டன், நுவரெலியா தோட்டங்களிற் காமன் கூத்து இன்றும் மாசியில் ஆடப்படுகின்றது. அதன் பாட்டுகளையும் முதிய பெண்களின் தாலாட்டையும் ஒலிப்பதிவு செய்வோர், பாடியவர் பெயர், தோட்டம், பிரிவு, ஆண்டு ஆகிய நான்கையும் அவரவர் இசைவுடன் குறித்தல் வேண்டும். 'மலையகப் பெண் ஒருத்தி' என்று எழுதி அமைதல் போதாது. பெயர்ப் பதிவேட்டில் உழைப்புக்காக மட்டும் இடம்பெற்ற மக்கள், கலைக்காகவும் பெயர் பெறுதல் முறையேயாகும்.