உபரி யாருக்கு உரியது? உயிரி எரிபொருட் கொள்கை குறித்து ஒரு திறனாய்வு

இந்திய அரசு 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்ற தேசிய உயிரி எரிபொருட் கொள்கையைப் பாலாற்றங்கரையில் ஊழியஞ்செய்யும் நாம் ஏன் ஆராய வேண்டும் என்று வாசகர் வினவலாம். இத்தகைய கொள்கைகள் தரிசு, உபரி, கழிவு என்னும் மூன்று சொற்களின்மேல் கட்டப்பட்டுள்ளன. இவை பொருள்களின் பெயர்களாகத் தோன்றினும், உண்மையில் தீர்ப்புகளாம். அத்தீர்ப்புகள் நம் சபையாரின்மேல் விழுகின்றன.

கொள்கையின் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. எண்ணெய் இறக்குமதி குறைவதும், உழவருக்குப் புதிய சந்தை கிடைப்பதும் நலமே. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு முதலில் 2030க்கென வைக்கப்பட்டு, 2022இல் முன்கூட்டப்பெற்று, 2025இல் எட்டப்பட்டது. ஆயினும் விரைவு வேறு, நியாயம் வேறு.

முதலாவது, தரிசு. 2009ஆம் ஆண்டுக் கொள்கை, உணவுப்பயிருக்கு ஏலாத நிலங்களில் எண்ணெய் வித்துக்களை வளர்க்கச் சொல்லிற்று. அதன் பெரும் நம்பிக்கை காட்டாமணக்கு. வறண்ட நிலத்தில் அச்செடி உயிர்பிழைத்தது. ஆனால் நீரின்றிப் போதிய விதை தரவில்லை. தமிழகத்தில் அதை நட்ட உழவர் பலர் ஏமாற்றமடைந்தனர். மேலும், பதிவேட்டில் தரிசு எனப்படுவது யாருக்கும் உதவாத நிலமன்று. அங்கேதான் ஏழையின் ஆடு மேய்கிறது. அங்கேதான் பெண்கள் சீமைக்கருவேல விறகு பொறுக்குகின்றனர்.

இரண்டாவது, உபரி. மிகுவிளைச்சல் எதிர்பார்க்கப்படும் ஆண்டில் உபரி தானியத்தை எத்தனாலாக்க 2018ஆம் ஆண்டுக் கொள்கை இடமளிக்கிறது. 2020 ஏப்ரலில், ஊரடங்கினால் கூலியிழந்தோர் பசித்திருந்த நாட்களில், இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசிக்கு அவ்வனுமதி அளிக்கப்பட்டது. 2023 ஜூலையில் அவ்வழங்கல் நிறுத்தப்பட்டுப் பின்னர் மீண்டும் தொடங்கிற்று. களஞ்சியத்தில் மிகுந்தது பானையிலும் மிகுந்ததாகாது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்து அறுவடைச் சட்டம் ஈண்டு நமக்கு ஒளி தருகிறது. வயலோரத்துக் கதிரும் சிந்திய கதிரும் நிலக்கிழானுக்கு மிச்சமாகத் தோன்றலாம். சட்டத்தின் பார்வையிலோ அவை முன்னமே எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியவை. அளக்குமுன் உரியவனைத் தேடுவதே வேத நியாயம்.

மூன்றாவது, கழிவு. இங்கே கொள்கையை மனமார ஏற்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில், சுண்ணாம்பில் ஊறிய தோலின் உட்புறத்துச் சதையும் கொழுப்பும் சீவி அகற்றப்படுகின்றன. குரோமியம் ஏறுமுன்பே சீவப்படும் இவற்றைக் காற்றுப்புகாத தொட்டியில் நொதிக்கவைத்து எரிவாயு ஆக்கலாம். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு மேல்விசாரத்தில் இது செய்துகாட்டப்பட்டது. இதற்கு ஒருபிடி அரிசியும் வேண்டா. ஆனால் குரோமியக் கசடு எஞ்சவே செய்யும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தேக்கத்தின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். வாயுவின் அளவை எழுதி, தொட்டியில் இறங்குகிறவனின் மூச்சை எழுதாத கணக்கு தூய்மையான கணக்கன்று.

ஆகவே கழிவு முதலிலும் தானியம் கடைசியிலும் வருமாறு இக்கொள்கையின் வரிசை மாறவேண்டும் என்பதே நம் துணிபு. கிராம சபைக் கூட்டத்தில் ஒரு நிலத்தைத் தரிசென்று வாசிக்கும்போது, அங்கே ஆடு மேய்ப்பவள் யார் என்று எழுந்து கேட்பது குருவானவரின் கடமைக்குப் புறம்பானதன்று.