வாஸ்கோடகாமா வருவதற்கு முன்னால்

கே.எம். பணிக்கர் 1948 முதல் 1952 வரை சீனத்தில் தூதர், 1959-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், வரலாற்றாசிரியர். 1953-ல் வந்த 'ஆசியாவும் மேலை ஆதிக்கமும்', வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்த 1498-லிருந்து ஆதிக்கத்தைக் கணக்கெடுக்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய வரலாற்றை எதிர்த்து நின்ற நூல், அதை நான் மறுக்கல. சாதியும் ஜனநாயகமும் ஒத்துவராதுன்னு 1933-லேயே எழுதினவரும் அவர்தான்.

ஆனா, அவர் பிறந்த காவாலம் குட்டநாட்டு வயல்களுக்கு நடுவில் இருக்கு. அந்தச் சீமையில் புலையரை விற்றவனும் ஒத்தி வைத்தவனும் எந்தக் கப்பலில் வந்தான்? திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழித்தது 1855-ல்; பணிக்கர் பிறந்தது 1895-ல். நாப்பது வருஷந்தான் இடைவெளி. ஆண்டையின் பேரனையும் அடிமையின் பேரனையும் 'ஆசியா' என்று ஒரே பெயரில் எப்படி அடைப்பது?

சாதிக்கு ஒரு புத்தகம், ஆதிக்கத்துக்கு இன்னொன்று எனப் பிரித்து வைத்ததுதான் கோளாறு. வரலாறு படிக்கிற தோழர்கள் ரெண்டையும் ஒரே நூலில் எழுதணும்.