1600 × 1200: பழைய விளையாட்டுகளுக்கு வாய்த்த டெப்

தொண்ணூறுகளின் கணினி விளையாட்டுகளைத் திரை நிறைய விளையாட எந்த டெப் வாங்கலாம் என்று யாரும் கேட்டால், 2018இல் வந்த முதலாவது மைக்ரோசொப்ட் சர்ஃபேஸ் கோவைத்தான் சொல்வேன். அதிலுள்ள பென்டியம் கோல்ட் 4415வை சில்லு வேகத்துக்குப் பேர்போனதல்ல. நான் பார்ப்பது திரையின் வடிவத்தை.

10 அங்குலத் திரையில் 1800க்கு 1200 புள்ளிகள், அதாவது 3:2. இன்றைய தொலைக்காட்சிகளின் 16:9 விகிதத்தோடு இது ஒத்துப்போகாது. சினிமா பார்த்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், பலர் இதைக் குறையாகவே சொல்வார்கள். ஆனால் 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திருகோணமலையில் கணினி வகுப்புக்குப் போய், ஆசிரியர் வெளியே போன நேரத்தில் பிரின்ஸ் ஒஃப் பேர்சியா விளையாடியவர்கள் பார்த்தது பெட்டி மொனிட்டர். அதன் விகிதம் 4:3. அந்தப் படத்தை 16:9 திரையில் விகிதம் கெடாமல் வைத்தால் திரையின் கால்வாசி சும்மா கிடக்கும். சர்ஃபேஸ் கோவில் இருபுறமும் நூறு நூறு புள்ளிகள்தான் மிச்சம். நடுவில் 1600க்கு 1200 புள்ளிகள் முழுதாகக் கிடைக்கின்றன.

இந்த 1600க்கு 1200 என்ற அளவு எனக்கு மிகவும் பிடித்தது. டொஸ் காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. கணக்குப்படி அது 8:5. ஆனால் மொனிட்டர் அதை 4:3 கண்ணாடி முழுவதும் பரப்பியதால், ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்திலொரு பங்கு உயரமாகத் தெரிந்தது. ஓவியர்களும் அப்படித் தெரியும் என்றே வரைந்தார்கள். சிலர் மட்டும் சதுரப் புள்ளி என்று எண்ணி வரைந்ததால், அவர்களுடைய வட்டங்கள் அன்றே முட்டையாகத்தான் இருந்தன. இப்போது பெருக்கிப் பாருங்கள்: 320ஐ ஐந்தால், 200ஐ ஆறால். விடை 1600, 1200. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. பழைய புள்ளி ஒவ்வொன்றும் புதிய திரையில் ஐந்து அகலமும் ஆறு உயரமுமான கட்டமாக, ஓரம் கலங்காமல் நிற்கிறது. 2048க்கு 1536 புள்ளிகள் கொண்ட ஐபேட் அச்சொட்டாக 4:3தான். அதில்கூட இந்தப் பெருக்கம் 6.4, 7.68 என்று பின்னத்தில் போய் நிற்கும்.

இது கிடைக்க, டொஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓடவைக்கும் டொஸ்பொக்ஸ் நிரலின் அமைப்புக் கோப்பில் மூன்று இடங்களைத் தொட வேண்டும். ‘ஃபுல்ரெசொலூஷன்’ என்பதற்கு ‘டெஸ்க்டொப்’, ‘அவுட்புட்’ என்பதற்கு ‘ஓபன்ஜிஎல்என்பி’, ‘ஆஸ்பெக்ட்’ என்பதற்கு ‘ட்ரூ’. அதன் பிறகும் படம் மங்கலாக இருந்தால் பிழை விண்டோஸின் பெருக்கத்தில் இருக்கும். எழுத்துகளைப் பெரிதாக்க 150 விழுக்காடு வைத்திருந்தால், பழைய நிரலுக்குத் திரை 1200க்கு 800 என்று சொல்லப்படும். டொஸ்பொக்ஸ் சின்னத்தின் பண்புகளுக்குள் போய், பொருந்துதன்மைப் பக்கத்தில், உயர் டிபிஐ பெருக்கத்தை நிரலிடமே விட்டுவிடுங்கள். படம் உடனே தெளியும்.

படத்தை இழுத்துத் திரையை நிரப்புவதை மட்டும் செய்யாதீர்கள். பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் பிடித்து, சட்டம் சட்டமாகப் பார்த்து அந்த இளவரசனின் அசைவுகளை வரைந்தார். இழுத்த படத்தில் அவன் எட்டில் ஒரு பங்கு பருத்துப்போகிறான், 16:9 திரையில் மூன்றில் ஒரு பங்கு. பள்ளத்தின் விளிம்பில் தொங்கும் அந்த மெல்லிய உடலைப் பருக்கவைத்துப் பார்க்க எனக்கு மனம் வராது. இருபுறக் கறுப்புப் பட்டைகளும் வீணில்லை, டெப்பைக் கையில் பிடிக்கும்போது கட்டைவிரல்கள் ஊன்றுவது அங்கேதான்.

விண்டோஸ் விளையாட்டுகளில் கதை கொஞ்சம் வேறு. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 1997, 1999 பதிப்புகள் இரண்டிலும் 800க்கு 600ஐத் தெரிவுசெய்யுங்கள். சரியாக இரு மடங்கு. ஸ்டார்கிராஃப்ட் 640க்கு 480 மட்டும், பெருக்கம் இரண்டரை. சில வரிசைகள் இரண்டு புள்ளியாகவும் சில மூன்றாகவும் விழுவதால் எழுத்துகள் சீராக இராது. ஆனால் அங்குலத்துக்கு 217 புள்ளிகள் உள்ள திரையில் கை நீள தூரத்திலிருந்து பார்த்தால் அது கண்ணை உறுத்தவில்லை. மென்மையாக்கும் வடிகட்டியைப் போட்டால் இன்னும் நல்லது. இத்தகைய விளையாட்டுகளுக்கு சி.என்.சி.-டிட்ரோ என்ற இலவச நிரலை விளையாட்டின் கோப்புறையிலேயே போட்டு, விகிதம் காக்கும் தெரிவை இயக்க வேண்டும். ரெட் அலர்ட்டை அதன் உரிமையாளர்கள் 2008இலும், ஸ்டார்கிராஃப்ட்டை 2017இலும் இலவசமாக்கிவிட்டார்கள், தொடங்குவதற்கு அவை நல்லவை. பழைய நிறுவல் நிரல்கள் சில 16 பிட் என்பதால் 64 பிட் விண்டோஸில் ஓடா. அப்போது வேறு கணினியில் நிறுவிய கோப்புறையை அப்படியே கொண்டுவந்து பார்க்கலாம்.

விரலால் விளையாடலாம் என்று எண்ண வேண்டாம். படையை வளைத்துப் பிடிக்க மவுஸ் வேண்டும், இளவரசனுக்கு அம்புக்குறி விசைகள் வேண்டும். விசைப்பலகை உறையைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். திருகோணமலை டச் பே கரையில் பின்னேர வெயிலில் இந்தப் பளபளத் திரையில் நிலவறைக் காட்சி எதுவும் தெரியாது. கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில், விளக்கு மங்கிய பெட்டியில், இதைவிட நல்ல துணை எனக்கு இல்லை. எடை 522 கிராம், காற்றாடி இல்லாததால் பக்கத்தில் தூங்குபவருக்குச் சத்தமும் இல்லை.

இப்போது இது பழைய சாமானாகத்தான் கிடைக்கும். நினைவகம் 4 ஜி.பி. உள்ளதே இந்த வேலைக்குத் தாராளம். மைக்ரோசொப்ட் கடைச் செயலிகளை மட்டும் அனுமதிக்கும் ‘எஸ்’ முறையில் இருந்தால் அதிலிருந்து வெளியேற்றுங்கள், காசு கேட்காது, திரும்பிப் போகவும் முடியாது. விண்டோஸ் 11 இந்தச் சில்லை ஏற்காது, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. ஆகவே வங்கி வேலை எதையும் இதில் வைக்காமல், இணையத்தைத் துண்டித்தே விளையாடுங்கள். வாங்குமுன் பற்றரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு யு.எஸ்.பி.-சி துளைதான் இருக்கிறது, நம்மூர் உப்புக்காற்றில் இருந்த டெப் என்றால் அந்தத் துளையில் மவுஸைச் செருகிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.